மத்தியான பேட்ச்

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகிற சாலையில், வீரபாண்டி வருவதற்குச் சற்று முன்னால், தென்னந்தோப்பு ஒன்று முடிகிற இடத்தில் ஞானதுரையின் பசைத் தொழிற்சாலை இருந்தது. போடி பஜாரில் அப்பா விட்டுப்போன ஹார்டுவேர் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் துணிந்து ஆரம்பித்த தொழில் அது. விளக்கெண்ணெயை ரியாக்டர் என்னும் மூடிய கலனில் ஊற்றி, அதிலுள்ள ஈரத்தை ஓட்டிவிட்டு, ஐசோசயனேட் என்கிற நெடி பிடித்த ரசாயனத்தைச் சேர்த்துப் பதமாகச் சூடு காட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தேன் போலப் பசையாகும். அந்தப் பசை பீப்பாய் பீப்பாயாகக் குமுளி மலையேறிக் கேரளாவுக்குப் போகும். ஆலப்புழைப் பக்கம் தேங்காய் நாரில் மெத்தை செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

சங்கிலியம்மாள் அங்கே கெமிஸ்ட். கோம்பைக்காரி, தேனியில் வாழ்க்கைப்பட்டவள். குலசாமியின் பேரைத் தனக்கு வைத்துவிட்டார்களே என்று பள்ளிக்கூட நாட்களில் அழுதிருக்கிறாள். மதுரையில் எம்.எஸ்ஸி. படித்தபோது, பாலிமர் என்றால் சின்னச் சின்ன மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாவதுதான் என்று பேராசிரியர் சொல்ல, வகுப்பு மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பாடமும் பிடித்துப்போயிற்று, பேரும் பிடித்துப்போயிற்று.

பசை வேலையில் சூட்சுமமெல்லாம் நிறுத்துகிற நேரத்தில் இருக்கிறது. முன்னாலேயே நிறுத்தினால் ஒட்டாது, பிந்தினால் இறுகிப்போகும். ஐசோசயனேட் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். முன்பெல்லாம் ரியாக்டரிலிருந்து கொஞ்சம் பசையை எடுத்துவந்து, குடுவையில் கரைத்து, நிறம் மாறும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கணக்குப் போடுவாள். டைட்ரேஷன் என்று பேர். அது முடிய முக்கால் மணி நேரம் ஆகும். சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்புகிற கதைதான். அவள் விடையோடு வரும்போது ரியாக்டருக்குள் பசை வேறொரு நிலைக்குப் போயிருக்கும்.

அதனால் இரண்டாயிரத்து நாலாம் வருஷம் மாசி மாதத்தில், அவள் நச்சரிப்புத் தாங்காமல் ஞானதுரை அகச்சிவப்பு மெஷின் ஒன்றை வாங்கினார். அரிசி மூட்டையை விடச் சின்னது. நடுவில் கடுகளவு பளிங்குக்கல். அதன்மேல் ஒரு சொட்டுப் பசையைத் தடவி, கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால், ஒரு நிமிஷத்தில் மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு திரையில் வந்துவிடும்.

ரியாக்டர் ஆபரேட்டர் பலவேசம் அந்த மெஷினை மூன்று நாள் சந்தேகமாகவே பார்த்தார். நாற்பத்தைந்து வயது, காதோரம் நரைத்துவிட்டது. எதையும் கேட்டுத் தெளிந்துகொள்கிற மனிதர்.

"அது எப்பிடி மேடம், உள்ள என்ன இருக்குன்னு வெளிச்சத்துக்குத் தெரியும்?"

"சாமியாடிகளப் பாத்திருக்கீகள்லண்ணே. கருப்பனுக்கு ஒரு அடி, காளிக்கு ஒரு அடி. உறுமிக்காரரு எந்த அடிய அடிக்கிறாரோ அந்தச் சாமி எந்திரிச்சு ஆடும். இந்த மெஷினு எல்லா அடியையும் ஒண்ணா அடிக்கும். எது எது ஆடுதுன்னு பாத்துக் கோடு போட்டுரும்."

"அப்ப ஐசோசயனேட்டு?"

"அது தனியா ஒரு ஓரத்துல ஆடுற சாமி. இந்தா, இந்த உசரமான பீக்குதான். ஆட்டம் அடங்க அடங்கப் பசை பதத்துக்கு வருதுன்னு அர்த்தம்."

"மலையேறுனதும் நிறுத்திரணும்."

"முழுசா மலையேற விட்றக் கூடாதுண்ணே. கொஞ்சம் மிச்சம் இருக்கணும். அந்த மிச்சந்தான் நாளைக்குக் காத்துல இருக்க ஈரத்தக் குடிச்சு மெத்தைய ஒட்டும்."

பலவேசத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று முதல் சாம்பிள் கிண்ணத்தைக் கொண்டுவரும்போதெல்லாம், "சாமி எந்த மட்டுல ஆடுது மேடம்?" என்றே கேட்டார்.

மெஷினுக்கு ஈரக்காற்று ஆகாது. உள்ளே இருக்கிற கண்ணாடிகள் பூத்துப்போகும். அதற்காக முதலாளி அறைக்குப் பின்னால் இருந்த பழைய ஸ்டோர் ரூமை ஒழித்து, ஜன்னல்களைத் தெர்மகோல் வைத்து அடைத்து, ஒரு ஏசி மாட்டினார்கள். இந்த அறைக்கும் முதலாளி அறைக்கும் நடுவில் இருந்த கதவுக்கு முன்னால் ஓர் இரும்பு பீரோவை நகர்த்திப் போட்டார்கள். தொழிற்சாலையிலேயே ஏசி இருந்த இடம் அது ஒன்றுதான். முதலாளி அறையில்கூட மின்விசிறிதான். "மொதலாளி குளுகுளுன்னு ஒக்காந்தா மத்தவன் எப்பிடி வேர்வை சிந்துவான்?" என்பார் ஞானதுரை. மத்தியானத்தில் ஆட்கள் கண்ணயர்கிறார்கள் என்று பேக்கிங் கொட்டகையில் கிடந்த பெஞ்சுகளையும் அவர் எடுத்துவிட்டிருந்தார். கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை.

மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினியர் கோட்டையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பீக்கின் பரப்பைக் கம்ப்யூட்டரே அளந்து ஓர் எண்ணாகக் காட்டும்படி செய்து கொடுத்தார். காலையில் ஒருமுறை வெறும் காற்றை அளந்து பதிந்துவிட்டால் போதும். அன்றைக்கு முழுவதும் அந்தக் காற்றைக் கழித்துவிட்டுப் பசையை மட்டும் அது காட்டும். எண் ஐந்துக்குக் கீழே வந்தால் ரியாக்டரை நிறுத்து. அவ்வளவுதான்.

இரண்டு மாதம் அப்படியே ஓடியது. காலையில் ஒரு பேட்ச், மத்தியானம் ஒரு பேட்ச். இரண்டும் தேனாக வந்தன. ஞானதுரை வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிவந்து, கதவுக் கண்ணாடி வழியாக மெஷினைக் காட்டினார்.

சித்திரை பிறந்தது. வெயில் தகரக் கொட்டகையைப் பழுக்கக் காய்ச்சியது. அப்போதுதான் மத்தியான பேட்ச் கெட ஆரம்பித்தது.

காலைப் பேட்சில் ஒரு குறையும் இல்லை. மத்தியானத்தில் மட்டும் எண் ஐந்துக்குக் கீழே இறங்க மறுத்தது. ஆறு என்று காட்டும். அரை மணி நேரம் கூடுதலாகச் சூடு காட்டினாலும் ஐந்தரையில் நிற்கும். கடைசியில் பீப்பாயில் பிடிக்கும்போது பசை ஒழுகாமல் கொழகொழவென்று கயிறாகத் தொங்கியது. அடுத்த வாரம் ஆலப்புழையிலிருந்து மெத்தை கம்பெனி மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"ஞானதுரை சாரே, இது பசையாணோ, அல்வாவாணோ? எங்கட ஸ்ப்ரே கன் மொத்தம் அடஞ்சு போயி."

ஞானதுரைக்கு முகம் கறுத்துப்போயிற்று. புதிதாக என்ன மாறியது என்று யோசித்தார். அந்தச் சமயத்தில்தான் ஆண்டிபட்டி ஒச்சாண்டியின் செக்கிலிருந்து அந்த வருஷத்துப் புது எண்ணெய் வந்திறங்கியிருந்தது. ஒச்சாண்டி மானாவாரி ஆமணக்கை வாங்கி, தன் கையாலேயே சுத்தம் பார்த்து ஆட்டுகிறவர். தொழிற்சாலை ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணெய் அவரிடமிருந்துதான். ஞானதுரை போனை எடுத்து, ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி சத்தம் போட்டார்.

"என்னத்தக் கலந்து அனுப்புறீக ஒச்சாண்டி? ஆலப்புழைல ஸ்ப்ரே கன்னெல்லாம் அடச்சுப்போச்சாம். ஒங்க எண்ணெயால எம்பேரு கேரளா வரைக்கும் நாறுது."

"வெள்ளிக்கிழம நேர்ல வாரேன் மொதலாளி. அங்கன வச்சுப் பேசிக்குவம்" என்று ஒச்சாண்டி போனை வைத்துவிட்டார்.

சங்கிலியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. எண்ணெயை எடுத்து ஈரம் பார்த்தாள், புளிப்புப் பார்த்தாள், தெரிந்த சோதனையெல்லாம் செய்தாள். எண்ணெய் தங்கம். அதே எண்ணெய்தானே காலைப் பேட்சிலும் போகிறது? அதைச் சொன்னபோது முதலாளி, "பீப்பாய் அடியில கசடு நிக்கும்மா. மத்தியானம் அதான் வருது" என்றுவிட்டார்.

இதற்கு நடுவே அவர் நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போனார். போன மூன்று நாளும் மத்தியான பேட்ச் கண்ணாடி போல வந்தது. அவர் திரும்பிவந்த அன்று மறுபடியும் அல்வா.

"மொதலாளி இல்லைன்னா எல்லாம் ஒழுங்கா நடக்குது மேடம்" என்றார் பலவேசம், பீப்பாயின் விளிம்பை வழித்துக்கொண்டே.

அவள் சிரித்தாள். ஆனாலும் அந்தப் பேச்சு மனசில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.

புதன்கிழமை மத்தியானம் எண் ஆறில் நின்றபோது அவள் ரியாக்டரின் சூட்டைத் தணித்து வைக்கச் சொல்லிவிட்டு, பரணிலிருந்து பழைய குடுவைகளை இறக்கினாள். அதே சாம்பிளை டைட்ரேஷன் செய்தாள். நிறம் மாறிய இடத்தைப் பார்த்ததும் தன் கையையே நம்பாமல் இன்னொரு முறை செய்தாள். இரண்டு முறையும் ஒரே விடை. பசை எப்போதோ பதத்துக்கு வந்துவிட்டது. ரியாக்டரை நிறுத்தியிருக்க வேண்டும். மெஷின்தான் இன்னும் ஐசோசயனேட் பாக்கி இருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கண்ணே" என்று ரியாக்டர் மேடையைப் பார்த்து ஓடினாள். அன்றைய பேட்ச் தப்பித்தது.

திரும்பிவந்து, இத்தனை நாளும் எட்டிப்பார்க்காத கோட்டை முழுசாகத் திரையில் விரித்தாள். ஐசோசயனேட் பீக் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. உயரமும் சரியாகக் குறைந்திருந்தது. ஆனால் அதை ஒட்டி இடப்பக்கம், ஆட்டுக்குட்டிக்கு முளைத்த கொம்பு மாதிரி இரண்டு சின்ன முனைகள் எழுந்து நின்றன. இன்ஜினியர் அளவெடுக்கச் சொல்லிக்கொடுத்திருந்த பரப்பு அகலமானது. கம்ப்யூட்டர் அந்தக் கொம்புகளையும் சேர்த்தே கூட்டிக்கொண்டிருந்தது.

அந்த இரட்டைக் கொம்பு யாருடையது என்று கெமிஸ்ட்ரி படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். கரியமில வாயு. காற்றில் எப்போதும் இருப்பதுதான். ஆனால் காலையில் பதிந்த காற்றைத்தான் மெஷின் கழித்துவிடுகிறதே? அப்படியானால் காலையில் இருந்ததைவிட இப்போது அறையில் அது கூடியிருக்கிறது. மனுஷர் விடுகிற மூச்சு.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். கல்லைத் துடைத்துவிட்டு, வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு பொத்தானைத் தட்டினாள். முகம் சிவக்கச் சிவக்க ஒரு நிமிஷம் நின்றாள். கொம்பு அப்படியே இருந்தது. கதவை அகலத் திறந்து போட்டு, பலவேசத்தின் துண்டை வாங்கி உள்காற்றை வெளியே விசிறித் தள்ளினாள். பிறகு மறுபடியும் அளந்தாள். கொம்பு பாதியாகக் குறைந்தது.

"மேடம், என்ன பண்றீக?" என்று பலவேசம் மிரண்டுபோய்க் கேட்டார்.

"உள்ள யாரோ இருந்திருக்காகண்ணே."

"ரூம நீங்கதான பூட்டிட்டுச் சாப்பிடப் போனீக?"

"ஆமா."

பலவேசம் பீரோவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "பேயி மூச்சு விடுமா மேடம்?"

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் அறையைப் பூட்டுவதற்கு முன்னால், காலியான கல்லோடு மெஷினை ஓடவிட்டுப் போனாள். சிறிது நேரத்துக்கு ஒருமுறை அறைக்காற்றை அதுவே அளந்து வைத்துக்கொள்ளும்படி ஏற்பாடு. கொட்டகையில் பேக்கிங் பெண்களோடு உட்கார்ந்து, என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

திரையில் எல்லாம் இருந்தது. ஒரு மணி வரைக்கும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அதன்பின் கொம்பு முளைத்து, அவசரமில்லாமல், ஒரே சீராக வளர்ந்துகொண்டே போயிருந்தது. உள்ளே வந்தவர் நடக்கவில்லை, வேலை எதுவும் செய்யவில்லை. ஒரே இடத்தில் நிம்மதியாகக் கிடந்து மூச்சு விட்டிருக்கிறார்.

அவள் மெதுவாகப் பீரோவுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தாள். பீரோவுக்கும் அந்தப் பழைய கதவுக்கும் நடுவே, ஒல்லியான ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. கீழே சுருட்டி வைத்த ஒரு பாய். அதன்மேல் நாலாக மடித்த துண்டு. பக்கத்தில் யூகலிப்டஸ் தைலப் புட்டி. அந்தத் தைலத்தின் வாசனை தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். சைனஸ் என்று சொல்லி முதலாளிதான் நாள் முழுவதும் அதைத் தடவிக்கொண்டிருப்பார். கதவுக்கு அந்தப்பக்கம் அவர் அறை.

சாயங்காலம் அவரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று போனாள். அவர் அறை வாசலில் பேக்கிங் ஆட்கள் இரண்டு பேரை நிறுத்தி வைத்து, "வேலை நேரத்துல தூங்குறவன் கம்பெனிக்கே துரோகம் பண்றவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வந்த வழியே திரும்பிவிட்டாள்.

வீட்டில் கணவன் திலீபனிடம் சொன்னபோது, அவன் தோசையைப் பிட்ட கையோடு சிரித்தான். கம்பம் ரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவன்.

"ஒங்க மொதலாளி தூங்குறதக் கண்டுபிடிக்கவா இம்புட்டுப் பெரிய மெஷினு?"

"சிரிக்காதீக. நாளைக்கு அந்த மனுசன் ஆண்டிபட்டிலருந்து வாராரு. அவரு முன்னாடி என்னன்னு சொல்லுவேன்?"

"உள்ளதச் சொல்லு. மரியாதையாச் சொல்லு" என்றான் திலீபன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒச்சாண்டி வந்தார். சலவை வேட்டி, சட்டை. ஒரு கையில் எண்ணெய் கேன், மறுகையில் எவர்சில்வர் டம்ளர். ஞானதுரை அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மொதலாளி, ஊருல என்னைய வெளக்கெண்ணெய்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேன். எம்வெளக்கெண்ணெயக் கொற சொன்னாப் பொறுக்க மாட்டேன். கலப்படம்னு சந்தேகமா இருந்தா, இந்தா, ஒங்க முன்னால ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுறேன்."

சொன்னபடியே கேனைச் சாய்க்கப் போனார். கதவோரம் சங்கிலியம்மாளோடு நின்ற பலவேசம் பாய்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ணே. திரும்ப பஸ்ல போகணும்ல."

ஞானதுரையின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கெமிஸ்ட்டு சொல்லட்டும். மெஷின் பொய் சொல்லாது" என்று எழுந்தார். நாலு பேரும் ஏசி அறைக்குள் போனார்கள்.

சங்கிலியம்மாள் முதலில் எண்ணெய்ச் சோதனைகளைச் சொன்னாள். "எண்ணெய்ல ஒரு கொறையும் இல்ல சார். எண்ணெயக் கொறை சொல்லவே முடியாது."

ஒச்சாண்டி நெஞ்சை நிமிர்த்தினார். ஞானதுரை, "பின்ன எங்கனம்மா தப்பு?" என்றார்.

"காத்துல சார்."

திரையைத் திருப்பி, ஐசோசயனேட் பீக்கைக் காட்டினாள். ஒட்டி நின்ற கொம்புகளைக் காட்டினாள். இன்ஜினியர் சொன்ன எண்ணை நம்பித் தான் கோட்டைப் பார்க்காமல் விட்டதையும் மறைக்காமல் சொன்னாள். காற்றில் மூச்சுக் கலந்தால் எண் கூடும், எண் கூடினால் பசையை மேலும் காய்ச்சுகிறோம், காய்ச்சினால் இறுகுகிறது. பிறகு வியாழக்கிழமைச் சாப்பாட்டு வேளையின் கோட்டை எடுத்தாள்.

"ரூம் பூட்டித்தான் இருந்துச்சு. ஆனா ஒரு மணிக்கு மேல யாரோ உள்ள இருந்து மூச்சு விட்டிருக்காக."

ஒச்சாண்டி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆத்தா, களவாணிப்பயலா இருந்தா 'விட்டிருக்கான்'னு சொல்லியிருப்ப. 'விட்டிருக்காக'ங்கிற. மருவாதிப்பட்ட ஆளு போலயே."

சங்கிலியம்மாள் தரையைப் பார்த்தாள். பலவேசம் ஏசியைப் பார்த்தார். அந்தச் சின்ன அறை முழுவதும் யூகலிப்டஸ் மணத்துக்கொண்டிருந்தது. ஒச்சாண்டி மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு மெல்ல முதலாளி பக்கம் திரும்பினார்.

ஞானதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"டாக்டரு காலைல நடக்கச் சொல்லிட்டாரு. நாலு மணிக்கே எந்திரிச்சு நடக்கிறேன். மத்தியானச் சாப்பாடு உள்ள போனதும் கண்ணு சொருகுது. அங்கன வெக்கை. இங்கன மெஷினுக்குக் குளுகுளுன்னு ஓடிக்கிட்டிருக்கு. மெஷினு மட்டும் அனுபவிக்கணுமான்னு தோணிப்போச்சு."

பிறகு ஒச்சாண்டி பக்கம் திரும்பினார்.

"ஒச்சாண்டி, ஒங்க எண்ணெய்ல குத்தமில்ல. மூச்சு என்னுது. நாலு பேரு கேக்கச் சத்தம் போட்டேன். நாலு பேரு முன்னாலயே சொல்றேன், மன்னிச்சிருங்க."

ஒச்சாண்டி அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மொதலாளி இங்கன மூச்சு விட்டதுக்கு, ஆலப்புழைக்காரன் அங்கன துப்பாக்கி அடச்சுப்போச்சுன்னு அலறியிருக்கான்" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். பலவேசம் அதற்காகவே காத்திருந்தவர் போல வெடித்துச் சிரித்தார். ஞானதுரையும் தாக்குப்பிடிக்க முடியாமல், முதலில் இருமல் மாதிரி தொடங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெளியே பேக்கிங் பெண்கள் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்தார்கள். ஏசி அறையில் முதலாளி ஏன் அழுகிறார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

"சிரிச்சதுல எம்புட்டுக் கூடியிருக்கும் மேடம்?" என்று பலவேசம் கேட்டார். சங்கிலியம்மாள் பொத்தானைத் தட்டினாள். கொம்புகள் திரையின் உச்சியைத் தொட்டன.

அன்றைக்கே அவள் அளவெடுக்கிற பரப்பைக் குறுக்கி, கொம்புகளை எல்லைக்கு வெளியே தள்ளினாள். காலையில் ஒருமுறை என்றில்லாமல், ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்னால் காற்றைப் புதிதாகப் பதிவதென்று வைத்துக்கொண்டாள். எண்ணோடு கோட்டையும் பார்ப்பது என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். பலவேசத்துக்கும் கோடு பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். மத்தியான பேட்ச் மறுபடியும் தேனாக ஊற்றியது. ஒச்சாண்டிக்கு அடுத்த வருஷத்து எண்ணெய்க்கும் சேர்த்தே ஆர்டர் போயிற்று. கையெழுத்துப் போட்ட கையோடு ஞானதுரை அவரைத் தேனிக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

"சார், இனிமே நீங்க இங்கன படுத்தாலும் கணக்குத் தப்பாது" என்று சங்கிலியம்மாள் ஒருநாள் சொன்னாள். மனசார, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"வேணாம்மா. பீரோ இடுக்குல படுத்துப் படுத்து இடுப்பு ஒரு பக்கமாப் போச்சு" என்றார் அவர்.

வைகாசியில், தோப்பை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை ஒன்று எழும்பியது. நாலு பக்கமும் திறப்பு. மேகமலைப் பக்கத்துக் காற்று தடையில்லாமல் வந்துபோகும். நடந்த கதையை ஞானதுரையே ஆலப்புழை மேனேஜரிடம் போனில் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் சிரித்த சிரிப்பில், பசையை இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரியிலேயே பத்து நார் மெத்தைகளை அனுப்பிவைத்தார். சாப்பிட்டபின் அரை மணி நேரம் யார் வேண்டுமானாலும் படுக்கலாம் என்று ஞானதுரை அறிவித்தார்.

முதல் நாள் சங்கிலியம்மாளைத் தவிர எல்லாரும் போய்ப் படுத்தார்கள். நடு மெத்தையில் முதலாளி. அவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆண்கள், மூங்கில் தட்டிக்கு மறுபுறம் பெண்கள். ஒருத்தராலும் கண்ணை மூட முடியவில்லை. முதலாளி பக்கத்தில் படுத்துத் தூங்கி ஒருத்தருக்கும் பழக்கமில்லை. எல்லாரும் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, விறைத்தாற்போல் கீற்றைப் பார்த்துக் கிடந்தார்கள். ஞானதுரைக்கும் தூக்கம் வரவில்லை. தான் கண்ணைத் திறந்து பார்த்தால் எல்லாரும் பயப்படுவார்களே என்று அவர் மூடியபடியே கிடந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பலவேசத்திடமிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. ரியாக்டர் மோட்டாரில் பெல்ட் நழுவுகிற சத்தம். அதைக் கேட்டதும் தட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவளைத் தொட்டு இன்னொருத்தி. "ஏலே பலவேசம், மெதுவா விடப்பா" என்றார் ஞானதுரை, கண்ணைத் திறக்காமலேயே.

சாம்பிள் எடுக்கிற நேரமாயிற்றே, பலவேசத்தைக் காணோமே என்று சங்கிலியம்மாள் கொட்டகைக்கு வந்து பார்த்தபோது, பாதிப் பேர் தூங்கிப்போயிருந்தார்கள். முதலாளியும்தான். அவள் யாரையும் எழுப்பவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ரியாக்டர் மேடையில் தானே ஏறினாள்.